மோர் ஊற்ற மொழி வேண்டாம்



மாசிக் கடைசி ஞாயிறன்று சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். பக்தர்களுக்கு அல்ல, அம்மனுக்கே! நடந்து வரும் கூட்டத்துக்கு நீர்மோர்ப் பந்தலில் ஊற்றிக்கொடுக்க எத்தனை கை இருந்தாலும் போதாது. பரிமாற்றத் திட்டத்தில் வரும் வெளிநாட்டு மாணவர்களோ படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். குறை அவர்கள் மேல் இல்லை, நாம் கூப்பிடுவதில்லை.

வெளிநாட்டார் இங்கே வந்து நம்மோடு கைகோப்பது புதிதல்ல. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் தோழர்கள் சிலரோடு வந்து கிராமத்தாருடன் சேர்ந்து மண்வேலை செய்தார். 1920-இல் அவர் தொடங்கிய பணிமுகாம் இயக்கம் இன்றும் நடக்கிறது. இங்கே அவ்வளவு பாரம் இல்லை. மோர் மொண்டு ஊற்றவும், வழியில் கிடக்கும் டம்ளர்களைப் பொறுக்கவும் தமிழ் தெரிய வேண்டியதில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

- ஒரு வாசகர், சமயபுரம்