மலை வகுத்த எடை

இந்தியப் படையின் பீரங்கிப் பிரிவு ஆண்டுதோறும் செப்டம்பர் 28ஆம் நாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1827இல் அந்நாளில் உருவாகி, பின்னர் பம்பாய் மலைப் பீரங்கி அணி என்று பெயர்பெற்ற சிறு படைப்பிரிவே அதன் முன்னோடி. சமவெளிப் பீரங்கிகள் ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போக, மலையில் எவ்வளவு பெரிய குண்டைச் சுடலாம் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது கோவேறு கழுதையின் முதுகுதான். 1879 வாக்கில் ஆப்கன் போருக்கு வந்த இரண்டரை அங்குலப் பீரங்கியின் குழலை இரு துண்டுகளாகச் சுமந்து சென்று, மேலே திருகிப் பூட்டினார்கள். அத்தனை பாடுபட்டு எறிந்த குண்டோ நான்கு கிலோவைக்கூட எட்டவில்லை.

சிறிய குண்டிலிருந்து பெரிய பயனைப் பெறவேண்டிய நெருக்கடியில் அதன் வகைகள் முக்கியமாயின. நெருங்கிப் பாய்ந்து வருவோர் மீது ரவைகளை வாரியிறைக்கத் தகரக் குண்டு, திறந்த சரிவில் நிற்போர் மீது, குறித்த நேரத்தில் வானிலேயே வெடித்து ரவை பொழியும் ஷ்ராப்னல், இரவுக்கு ஒளிக்குண்டு. 1915இல் கலிப்போலியின் செங்குத்துச் சரிவுகளில் கோஹாட், ஜேக்கப் மலைப் பீரங்கி அணிகளின் இந்திய வீரர்கள் இயக்கியவையும் கோவேறு கழுதைகள் சுமந்த சிறு பீரங்கிகளே. பாறைக்குப் பின்னே பதுங்கியவனை ஷ்ராப்னல் எளிதில் தொடாததால், வளைந்தேறிச் செங்குத்தாக இறங்கும் ஹோவிட்சர் குண்டுகளின் காலம் வந்தது. 3.7 அங்குல ஹோவிட்சர் எறிந்த குண்டின் எடை ஏறத்தாழ ஒன்பது கிலோ. அது வெடித்தபோது இரும்போடு பாறைச் சில்லுகளும் பறந்து உயிர் குடித்தன.

1999இல் கார்கில் போரில் போஃபர்ஸ் பீரங்கிகள் சுட்ட, ஒவ்வொன்றும் நாற்பது கிலோவுக்கும் மேற்பட்ட குண்டுகள் முகடுகளைத் தாக்கின. மெலிந்த காற்றில் அவை வழக்கத்தைவிடத் தொலைவு பாய்ந்ததால், சுடும் கணக்குகளையே திருத்த வேண்டியிருந்தது. மலையின் பழைய எடைக்கணக்கு ஒழிந்துவிட்டதாக அன்று தோன்றியிருக்கலாம். ஆனால் 2016இல் இந்தியா 145 எம்777 பீரங்கிகளை வாங்க ஒப்பந்தமிட்டபோது, அவற்றின் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்லக்கூடிய எடைக்குறைவே. சுமப்பது மாறியிருக்கிறது; சுமையின் வரம்பு மாறவில்லை.

மலைக்கு ஏற்றிய சுமை சுட்டதோடு தீர்ந்துவிடுவதில்லை. முதல் உலகப் போரில் ஆல்ப்ஸ் மலையில் வெடிக்காமல் புதைந்த குண்டுகள், பனியாறுகள் பின்வாங்கும்போது இன்றும் வெளிப்படுகின்றன. சுட்டவர்களும் இல்லை, அவர்கள் காத்த எல்லைகளும் அப்படியே இல்லை. வெற்றியின் பெருமையை மட்டுமே மரபாகப் பெற நமக்கு உரிமையில்லை. மலைக்குள் விட்டுவந்த இரும்பை அகற்றும் கடனும் அதே மரபைச் சேர்ந்தது. எந்தப் புதிய பீரங்கியைக் கொண்டாடும்போதும் அந்தக் கடனையும் சேர்த்து எண்ணுவதே வாரிசுகளுக்கு அழகு.