ஓட்டுப் போட்டவன் ஏட்டைப் பார்க்க வேண்டாமா?

மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கிறவன் எவனும் பற்று நோட்டைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அரைப்படி உளுந்து அதிகமாக எழுதியிருந்தால், "இது என்றைக்கு வாங்கினது?" என்று கேட்டு விடுகிறான். ஆனால் அதே ஆசாமி, நாட்டின் வரவு செலவையும், சட்டத்தையும், தன் பிள்ளைகளின் படிப்பையும் ஐந்து வருஷ காலத்துக்கு ஒருவரிடம் ஒப்படைத்து விட்டு, அவர் அங்கே போய் என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார் என்று ஒரு தரமாவது விசாரிப்பதில்லை. அடுத்த தேர்தலில் அவரே மேடையேறி, "உங்களுக்காக நான் முழங்கினேன்" என்கிறார். இவனும் கை தட்டுகிறான். உளுந்துக்குக் கேட்கிற கணக்கை ஓட்டுக்குக் கேட்காதது என்ன புத்தியில் சேர்ந்தது என்று கேட்கிறோம்.

அவர் முழங்கினாரா, வாயே திறக்காமல் இருந்தாரா என்பதற்கு ஏடு இல்லாமல் இல்லை. பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் சுருக்கெழுத்துக்காரர்கள் உட்கார்ந்து பேச்சுக்களை எழுதி எடுக்கிறார்கள். இன்ன தேதியில், இன்ன மெம்பர், இன்ன கேள்வி கேட்டார், மந்திரி இன்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லோக்சபையில் மாத்திரம் ஒரு நாளைய பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகளும், 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் வரை இடம் பெறலாம். முந்தியதற்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்லி, துணைக் கேள்விக்கும் ஆளாக வேண்டும். பிந்தியதற்கு எழுத்தில் பதில் வரும். டில்லி பார்லிமெண்டின் பழைய ஏடுகள் இன்று கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, எவரும் காசில்லாமல் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 முதல் 1950 ஜனவரி வரை பேசினதும் அப்படியே கிடைக்கிறது. ஆகவே "ஏழைக்கு எங்கே கிடைக்கப் போகிறது" என்னும் பழைய சாக்கு இப்போது பாதிக்கு மேல் செல்லாது.

சென்னைத் தியாகராய நகரையே எடுத்துக் கொள்ளுவோம். அந்த ஊரின் பெயரே பிட்டி தியாகராயர் பெயர். நடுவில் இருக்கும் பார்க்கு பனகால் அரசர் பெயர். அவர் 1921 முதல் 1926 வரை இம்மாகாண முதல் மந்திரியாயிருந்து, கோயில் சொத்துக்குக் கணக்குக் கேட்கும் அறநிலையச் சட்டத்தைச் சட்டசபையில் கொண்டு வந்தவர். நடேசன் பார்க்கு டாக்டர் நடேசனார் பெயர். பாண்டி பஜார் சௌந்திரபாண்டியனார் பெயரில் ஏற்பட்டது. உஸ்மான் ரோடு, 1934-ல் தாற்காலிக கவர்னராகவும் இருந்த முகமது உஸ்மான் பெயர். இவர்கள் எல்லாரும் சட்டசபையில் உட்கார்ந்து வாதாடினவர்கள். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் உஸ்மான் ரோட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஜனங்கள் ஜவுளி வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, "இந்த உஸ்மான் சட்டசபையில் என்ன பேசினார்?" என்று கேட்டால் பதில் வருமா? பெயரைத் தெருவுக்கு வைத்து விட்டோம். பேச்சை அலமாரியில் வைத்துப் பூட்டி விட்டோம்.

நிற்க. இந்த விஷயத்தில் பிறரை மாத்திரம் குறை சொல்லி நம்முடைய மேடைக்காரர்களை விட்டு விடுவது யோக்கியமாகாது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரை அறியாதவர் இல்லை. அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இன்றும் அடையாற்றில் இருக்கிறது. அவர் 1930 வரை சென்னைச் சட்டசபை மெம்பராகவும், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். 1927 நவம்பரில், பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். 1929-ல் 5-வது சட்டத்தின் மூலம், மானிய நிலத்துக்காகக் கோயில் ஊழியத்தில் கட்டுண்டு கிடந்த பெண்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

இது ஏட்டில் இருக்கிற சங்கதி. ஆனால் மேடைகளில் கேட்கிற சங்கதி என்ன? ஒரு மெம்பர் எழுந்து, "இது தெய்வத் தொண்டு, ஒழிக்கக் கூடாது" என்றாராம். உடனே அம்மையார், "அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்றாராம். சபையே வாயடைத்துப் போயிற்றாம். கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் சொல்லுகிற தோழரை நாம் கேட்கிறோம்: எந்தத் தேதி? எத்தனையாவது வால்யூம்? எந்தப் பக்கம்? பக்கத்தைக் காட்டினால் கொட்டை எழுத்தில் போடத் தயாராயிருக்கிறோம். காட்டாத வரையில் அது கர்ண பரம்பரைக் கதைதான். எதிரி ஒன்று சொன்னால் "ஆதாரம் எங்கே?" என்று மேஜையைத் தட்டுகிற நாம், நமக்குப் பிடித்த கதைக்கு மாத்திரம் ஆதாரம் கேட்காமல் தலையாட்டினால், புராணம் கேட்கிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அன்றியும், அந்தக் கதை அம்மையாருக்கு வேண்டியதே இல்லை. கதையைக் கேட்டவன் சிரித்து விட்டு வீட்டுக்குப் போகிறான். ஏட்டைப் புரட்டினவனுக்கோ, 1927-க்கும் 1947-க்கும் நடுவில் இருபது வருஷம் ஏன் ஆயிற்று, யார் தடுத்தார்கள், யார் "யோசிப்போம்" என்று நழுவினார்கள், அந்த இருபது வருஷத்தில் எத்தனை குழந்தைகள் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும் என்ற கேள்விகள் பிறக்கின்றன. அந்தக் கேள்விகளுக்குப் பயந்தவர்களுக்குக் கதைதான் சௌகரியம்.

ஏட்டில் ஏறுகிற கேள்வி என்ன செய்யும் என்பதற்கு மயிலாப்பூர்ப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆழ்வார்ப்பேட்டை வழியாய்ப் போகும் டி.டி.கே. சாலை யார் பெயர்? 1957-ல் தென் சென்னை ஓட்டர்கள் லோக்சபைக்கு அனுப்பின டி.டி. கிருஷ்ணமாச்சாரியார் பெயர். அவர் அப்போது நிதி மந்திரி. அவ்வருஷம் ஜூன் மாதத்தில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பணத்தில் சுமார் 1 கோடியே 24 லட்ச ரூபாய், முந்திரா என்னும் முதலாளியின் 6 கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. அது மாதச் சம்பளக்காரனும் சிறு வியாபாரியும் வாயைக் கட்டிச் சேர்த்த பிரீமியப் பணம். பார்லிமெண்டில் கேள்விகள் கிளம்பின. முதலில் வந்த பதில்களால் விஷயம் தெளியவில்லை. டிசம்பர் 16-ந் தேதி, மந்திரியின் சொந்தக் கட்சியாகிய காங்கிரசைச் சேர்ந்த பிரோஸ் காந்தியே எழுந்து சங்கதிகளை அடுக்கினார். பம்பாய் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். செக்ரட்டரி செய்த காரியத்துக்கு மந்திரியே பொறுப்பு என்று சொல்லப்பட்டது. 1958 பிப்ரவரியில் மந்திரி பதவி போயிற்று. அவர் பணத்தைத் தொட்டார் என்று எவரும் ருசுப்பிக்கவில்லை. அது நம் பேச்சும் அல்ல. சபையில் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் தேதியோடு அச்சில் நின்றால், எவ்வளவு பெரிய மந்திரியும் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

இதனால்தான் அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு ஏட்டின் மேல் எப்போதும் ஒரு கண். இங்கிலாந்தில் 1771-ல் பார்லிமெண்டு பேச்சுக்களை அச்சிட்ட அச்சுக்கூடக்காரர்களைப் பிடிக்க உத்தரவிட்டார்கள். அதற்கு இணங்காத லண்டன் மேயரையே சிறையில் வைத்தார்கள். நம் நாட்டில், பார்லிமெண்டு நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சட்டத்தை 1956-ல் கொண்டு வந்தவரும் அதே பிரோஸ் காந்திதான். அவர் செத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பின், அவர் மனைவி இந்திரா காந்தியின் ஆட்சியில் வந்த நெருக்கடி நிலைமையின் போது அச்சட்டம் ஒழிக்கப்பட்டது. 1977-ல் ஆட்சி மாறின பின்பே திரும்பி வந்தது. 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்திலேயே சேர்ந்தது. ஜனங்கள் படிப்பதால் ஒன்றும் ஆகாது என்றால், அந்தச் சட்டத்தை ஒழிக்க இவ்வளவு அவசரம் ஏன்?

இன்னொன்றையும் யோசியுங்கள். அரசியல் சட்டத்தின் 105-வது, 194-வது பிரிவுகளின்படி, சபைக்குள் பேசின பேச்சுக்காக ஒரு மெம்பர் மேல் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. பயமின்றிப் பேசட்டும் என்று கொடுத்த உரிமை அது. சரிதான். ஆனால் கோர்ட்டும் கேட்கக் கூடாது, ஓட்டரும் கேட்க மாட்டான் என்றால் அப்புறம் கேட்பவர் யார்?

கேட்பதற்கு வழியும் சரியாக இல்லை. மெம்பர் டில்லியில் தமிழில் பேசினாலும், அச்சேறின லோக்சபை ஏட்டில் அது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாக நிற்கிறது. தமிழில் ஓட்டுக் கேட்டு, தமிழில் பேசினவரின் பேச்சைத் தமிழன் இங்கிலீஷில் படிக்க வேண்டுமாம்! பழைய சென்னைச் சட்டசபை ஏடுகளும் பெரும்பாலும் இங்கிலீஷே. வெறும் படமாய் எடுத்து வைத்த பக்கங்களில் வார்த்தையைக் கொடுத்துத் தேட முடியாது. தலைவர் "நீக்கு" என்றால் பேச்சு ஏட்டிலிருந்து போய்விடும். இதற்கெல்லாம் மேலாக, குரல் ஓட்டு என்று ஒன்று இருக்கிறது. "ஆம்" என்றவர்கள் அதிகம் என்று தலைவர் சொன்னதோடு மசோதா நிறைவேறி விடும். எந்த மெம்பர் "ஆம்" என்றார், எவர் "இல்லை" என்றார் என்று ஏட்டில் பெயர் இருக்காது. பெயர் வாரியாக ஓட்டுப் பிரித்தால்தான் குட்டு வெளியாகும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. சபை ஏடுகள் வார்த்தை கொடுத்துத் தேடும்படி தமிழில் சீக்கிரமாய்க் கிடைக்க வேண்டும். முக்கியமான மசோதாக்களில் பெயர் வாரி ஓட்டு எடுக்க வேண்டும். அதுவரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படிப்பகத்திலும் வாரத்தில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். கைபேசி பழகின ஒரு பையனோ பெண்ணோ உங்கள் தொகுதி மெம்பரின் பெயரைக் கொடுத்துத் தேடட்டும். இங்கிலீஷில் ஒரே பெயரைப் பலவிதமாய் எழுதுவார்கள், எல்லா விதத்திலும் தேட வேண்டும். அகப்படாவிட்டால் தேதியை வைத்தும், பள்ளிக்கூடம், தண்ணீர், நிலம் என்று விஷயத்தை வைத்தும் தேட வேண்டும். கிடைத்ததைத் தமிழில் உரக்கப் படித்து, தேதியும் பக்கமும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தாய்மார்களும் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தேர்தலில் அந்த மெம்பர் கும்பிட்டுக் கொண்டு தெருவுக்கு வருவார். அவரை வையவும் வேண்டாம், மாலை போடவும் வேண்டாம். நோட்டைப் பிரித்து, "இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்களே, ஏன்?" என்று மரியாதையாய்க் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டுப் போடுங்கள்.