சத்ரியாவுக்கு மூச்சுத் திணறுகிறதா?

புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1.8 லிட்டர், 16 வால்வு இன்ஜின், சுமார் 140 குதிரைத் திறன். 1996-இல் புரோட்டோன் தன் கைக்குக் கொண்டுவந்த பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் அதன் சஸ்பென்ஷனைச் செப்பனிட்டுக் கொடுத்தது. நம் சத்திரியன்தான் மலாய் மொழியில் சத்ரியா. 1990-களின் இறுதியில் சாலைக்கு வந்த இந்தச் சத்திரியனின் உற்பத்தி 2000-களின் நடுப்பகுதியோடு நின்றுபோனது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பேருந்தின் சன்னல் வழியாக அதை வேடிக்கை பார்த்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பழைய ஜிடிஐ ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கிய முதல் மாதமே பலர் செய்யும் காரியம், ஏர் ஃபில்டர் என்று நாம் சொல்லும் காற்று வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு வடிவில் பளபளக்கும் ‘ஓப்பன் ஃபில்டர்’ ஒன்றை மாட்டுவது. “அண்ணே, இதைப் போட்டா பத்து குதிரை கூடும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கூம்புக்குப் பணம் கொடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று தேவை. அளவில் சொன்னால் சுமார் 9,000 லிட்டர். 40 லிட்டர் பெட்ரோல் நிரப்பி ஓட்டித் தீர்த்தால் மூன்று லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் காற்று அந்த இன்ஜினுக்குள் போய் வந்திருக்கிறது என்று பொருள்.

அது எந்தக் காற்று? கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்பிவிடும் புழுதி. பக்கத்தில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தின் சிமெண்டுத் தூசி. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் இன்று சூளை இல்லை, கட்டுமானத்துக்குக் குறைவில்லை. இவையெல்லாம் போதாதென்று சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2005 ஆகஸ்டு மாதத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புகையைவிட இன்ஜினுக்குப் பெரிய எதிரி மணல் தூசிதான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் இரும்பையே தேய்க்கும் கடினம் கொண்டது. உள்ளே போய் இன்ஜின் எண்ணெயோடு கலந்தால், பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது. ஓரிரு ஆண்டு கழித்து எண்ணெய் குறையத் தொடங்கும், புகைபோக்கியில் நீலப் புகை வரும். அப்போது போமன் “இன்ஜினைப் பிரிக்கணும் தம்பி” என்பார். புதிதாகத் தயாரிக்கப்படாத ஓர் இன்ஜினுக்குப் பாகம் தேடி ஹாஃப்-கட் கடைகளில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் விலை தெரியும்.

இதைத் தடுக்க இருப்பது மடித்து வைத்த ஒரு காகிதத் தகடு. ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் செலவைவிட அதன் விலை குறைவு.

ஓப்பன் ஃபில்டரில் கூடுவது எது?

சத்தம் கூடும், அதில் சந்தேகம் இல்லை. வடிகட்டிப் பெட்டி காற்றின் இரைச்சலையும் அடக்குகிறது. பெட்டியை எடுத்தால் இரைச்சல் வெளியே வரும். காதுக்கு அது வேகம் போலக் கேட்கும்.

திறன் கூடுகிறதா என்பது வேறு கணக்கு. நிறுவனம் பொருத்திய பெட்டி, போனட்டுக்குள் தேங்கும் சூட்டிலிருந்து விலகி, வெளிக்காற்றை இழுக்கும்படி அமைக்கப்பட்டது. பெட்டியைக் கழற்றி வெறும் கூம்பை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால், அது ரேடியேட்டரின் வெப்பக் காற்றைத்தான் இழுக்கும். வெளியே 30 டிகிரி, போனட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 9 விழுக்காடு குறைந்துவிடும். காற்று இளைத்தால் இன்ஜின் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், திறனும் குறையும். மாலை 6 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் ஜிடிஐ-யில் கூம்பு சம்பாதித்துத் தருவது சத்தம் மட்டும்தான். அதையும் இரவு 11 மணிக்குத் தாமானுக்குள் நுழையும்போது அக்கம்பக்கத்தார் ரசிப்பதில்லை.

சிலர் குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயை நீட்டி, வடிகட்டியை முன் பம்பருக்குள் தாழ்வாக வைக்கிறார்கள். பந்தயத் தடத்தில் அது சரி. நம் ஊரில் அது ஆபத்து. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் பார்த்தோம். அவ்வளவு பெரிய வெள்ளம்கூட வேண்டாம். முக்கால் மணி நேர அடைமழையில் முழங்கால் அளவு தேங்கும் நீர் போதும். தாழ்வாக இருக்கும் வடிகட்டி அந்த நீரை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அனுப்பிவிடும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி நிற்க, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். இன்ஜின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே தேங்கிய நீரில் கார் நின்றுபோனால், எந்த வடிகட்டி இருந்தாலும், மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெட்ரோல் மிச்சமாகுமா?

வடிகட்டியை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. கணினி வழியாக எரிபொருள் செலுத்தும் கார்களில், வடிகட்டி அடைபட்டிருந்தாலும் பெட்ரோல் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. பழைய கார்புரேட்டர் கார்களில் மட்டும் செலவு ஓரளவு கூடியது. எனவே ஜிடிஐ-யில் வடிகட்டியை மாற்றுவது பெட்ரோலுக்காக அல்ல. இன்ஜினின் ஆயுளுக்காகவும், மிதித்தவுடன் கார் பாய்வதற்காகவும்தான்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

“சத்ரியா ஃபில்டர் கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். சத்ரியாவில் 1.3, 1.5, 1.6 லிட்டர் இன்ஜின்களும் வந்தன. சாதாரண சத்ரியாவுக்கு ஜிடிஐ உடுப்பு மாட்டி விற்றவையும் உண்டு. ஹாஃப்-கட் இன்ஜின் மாற்றியவையும் உண்டு. அதனால் பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒப்பிட்டு வாங்குங்கள். அப்படியே, கார் கிராண்டில் உள்ள இன்ஜின் எண்ணும் இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடுங்கள். நாளை விற்கும்போது புஸ்பாகோம் சோதனையில் அது கேள்வியாக வரும்.

புதிய வடிகட்டியில் மடிப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரத்து ரப்பர் விரலால் அழுத்தினால் மென்மையாக அமுங்கி எழ வேண்டும். ரப்பர் விறைப்பாக இருந்தால் பெட்டியில் சரியாக உட்காராது. தூசி ஓரம் வழியாகப் புகுந்துவிடும்.

கழுவிப் பயன்படுத்தும் பருத்தித் துணி வடிகட்டியைச் சிலர் விரும்புகிறார்கள். அசல் பெட்டிக்குள்ளேயே பொருந்தும் வகை என்றால் குற்றமில்லை. கழுவி, நன்றாகக் காயவைத்து, அளவாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் அதிகமானால் சில கார்களில் காற்றளவு உணர்கருவியில் படிந்து தொல்லை தரும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குக் காகிதமே நல்லது.

பதினைந்து நிமிட வேலை

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். போனட்டைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்குங்கள். பழைய வடிகட்டி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் காய்ந்த இலை, பல்லி முட்டை, சில நேரம் எலி சேர்த்த குப்பைகூட இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஊதிவிடாதீர்கள், குப்பை இன்ஜின் பக்கம் போய்விடும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம்: பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாய். இருபது வயதுக் காரில் அது மடிப்புகளில் வெடித்திருக்கும். கையால் விரித்துப் பாருங்கள். அதில் விரிசல் இருந்தால், எவ்வளவு நல்ல வடிகட்டி போட்டாலும் தூசி நேராக உள்ளே போகும். குழாயையும் மாற்றிவிடுங்கள்.

புதியதை வைத்து, ரப்பர் ஓரம் பள்ளத்தில் சுற்றிலும் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். ஒன்று உடைந்திருந்தால் கம்பியால் கட்டிச் சமாளிக்காமல் சரியான கொக்கி வாங்கிப் போடுங்கள்.

பழையதைத் தண்ணீரில் கழுவி மீண்டும் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. காகிதம் ஊறினால் பயன் போச்சு. காற்றழுத்தக் குழாயால் பலமாக அடித்தாலும் நுண்ணிய கிழிசல் விழும். அது நம் கண்ணில் படாது. வடிகட்டி லேசாகச் சாம்பல் நிறமாகிவிட்டதே என்று பதறவும் வேண்டாம். மடிப்புகளின் அடி வரை தூசி ஏறியிருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறை இன்ஜின் எண்ணெய் மாற்றும்போதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். கட்டுமானம் நடக்கும் சாலையிலோ துறைமுக லாரிகளின் பின்னாலோ தினமும் ஓடும் கார் என்றால் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வடிகட்டியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை பட்டறையில் “மாத்தியாச்சு” என்று சொன்னால், மூடியைத் திறந்து அந்த எழுத்து போய்விட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.