வழங்கிக்கு எந்த இயங்குதளம்? முதலில் முடிவுத் தேதியைப் பாருங்கள்

தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்காக எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களை ஏற்றும் அகப்பக்கம் ஒன்றை நண்பர்கள் நால்வர் நடத்தி வருகிறோம். 2025 பிப்ரவரியில் அதன் வழங்கியில் ஒரு சிறு மென்பொருளை நிறுவப் போனேன். பிழைச் செய்திதான் வந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டிருந்தது. ஏழு மாதங்களாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரவில்லை; நாங்களும் கவனிக்கவில்லை. மாணவர்களின் பெயர்களும் பெற்றோரின் கைப்பேசி எண்களும் அதே இயந்திரத்தில்தான் இருந்தன.

பலரும் பங்கிட்டுக்கொள்ளும் வழங்கியில் இடம் எடுத்தால், இயங்குதளத்தைப் புதுப்பிப்பது பொதுவாக அதை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் வேலை. தனி வழங்கி எடுத்தால் பெரும்பாலும் அது நம் தலையில் விழும். வாடகையைக் கணக்குப் பார்த்த நாங்கள் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்ட்ஓஎஸ் கதையைக் கணினித்துறை மாணவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்கு விற்கும் லினக்ஸுக்கு இணையாக, இலவசமாகக் கிடைத்தது அது. உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகள் அதை நம்பி ஓடின. 2019-இல் வெளிவந்த எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2020 டிசம்பரிலோ, 2021 இறுதியோடு அது நிறுத்தப்படும் என்று ரெட் ஹேட் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், சுறுசுறுப்பாக எட்டுக்கு மாறியவர்கள்தாம் முதலில் நடுத்தெருவில் நின்றார்கள். சோம்பலாக ஏழிலேயே இருந்தவர்களுக்கு 2024 வரை அவகாசம் கிடைத்தது. அந்தச் சோம்பேறிகளில் நாங்களும் அடக்கம். அடுத்த ஆண்டே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் வந்தன. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸையும் தொடங்கியவர்களில் ஒருவர்.

ஆக, 'எது வேகமானது, எது இலவசம்' என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் வரும், அந்த வாக்குறுதி யாருடையது என்று கேட்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் விண்டோஸ் சர்வருக்கும் முடிவுத் தேதி உண்டு. 2012 பதிப்புக்கு அது 2023 அக்டோபரில் வந்தது. உங்கள் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால் அதன் உரிமத்துக்குச் செலவழிப்பதில் தவறில்லை. எங்களுடையது சாதாரண பிஎச்பி அகப்பக்கம். அதற்கு அது தேவையில்லை.

அல்மாலினக்ஸ் 9-க்கு 2032 வரை ஆதரவு உண்டு. பழக்கமும் பழைய குடும்பம்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில் டெபியன்மேல்தான் ஆசை. 1993-இலிருந்து தன்னார்வலர்களே வளர்த்துவரும் அதை ஒரு நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிட முடியாது. ஆனால் எங்களுக்குத் துணையாக வந்த இரண்டு பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தெரிந்தது உபுண்டு. இரவு பதினொரு மணிக்கு வழங்கி படுத்துவிட்டால் எழுந்து பார்க்கப் போவது அவர்கள். அதனால் என் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு உபுண்டு 24.04-ஐத் தேர்ந்தெடுத்தோம்.

பழைய இயங்குதளத்தின்மேலேயே புதியதை ஏற்றவில்லை. தரவைப் படியெடுத்து, வட்டைச் சுத்தமாக அழித்து, முதலிலிருந்து நிறுவினோம். அதற்கு ஒரு வார இறுதி போனது. பெற்றோரின் கைப்பேசி எண்களைத் திரும்ப ஏற்றவில்லை. பயிற்சித் தாளுக்கு அவை எதற்கு?

உபுண்டு 24.04-இன் வழக்கமான ஆதரவு 2029-இல் முடிகிறது. இப்போது படிவம் நான்கில் இருக்கும் ஒரு மாணவி அப்போது கல்லூரியில் இருப்பாள். போன வாரம் புதுப்பிப்புக் கட்டளையை அவள்தான் தட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.