நல்ல டீம் யாருக்கு லாபம்?

திருச்சியில் ஐ.டி. வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மேனேஜ்மென்ட் சரியில்ல மச்சி, ஆனா டீம் சூப்பர்." அந்த 'ஆனா'வோடுதான் எனக்குச் சண்டை. மோசமான நிர்வாகம் சாயாமல் நிற்பதே நல்ல சக ஊழியர்கள் கொடுக்கும் முட்டில்தான்.

என் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்டத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உள்ளூர் விடுமுறை. எங்களுக்கு அன்றைக்குத்தான் ரிலீஸ். "வீட்ல ஊர்ப்பட்ட சொந்தக்காரங்க வந்திருப்பாங்க, நீ கெளம்பு மச்சி, நான் பாத்துக்கறேன்" என்று நண்பர் ஒருவர் என் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி அவர் வருஷம் முழுக்க எல்லோருக்கும் செய்தார். ஆள் பற்றாக்குறை யார் கண்ணிலும் படவில்லை. நிர்வாகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சம்.

அப்ரைசல் வந்தது. ஆறு பேரில் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் போட்டே ஆகணும் என்பது விதி. அது அவருக்கே விழுந்தது. அடுத்தவர் வேலையைப் பார்த்ததில் அவருடைய டிக்கெட்டுகள் தாமதமாகியிருந்தன, அவ்வளவுதான் குற்றம்.

இந்தக் கணக்கு இந்த ஊருக்குப் புதுசு இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றிய தென்னிந்திய ரயில்வே, 1928-இல் ஆட்குறைப்பில் இறங்கியது. யார் இருக்கலாம், யார் போகணும் என்று பிரிக்க ஒரு திறன் தேர்வு வைத்தது. தொழிலாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். ஜூலையில் வேலைநிறுத்தம். தோற்றார்கள், சிங்காரவேலர் சிறைக்குப் போனார். ஆனாலும் 1946-இல் பொன்மலை மறுபடி எழுந்தது. செப்டம்பர் 5 அன்று சங்கத்திடலில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள்.

அவர்களும் ஒரே டிபன் டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த அன்பு டப்பாவோடு நிற்காமல் சங்கமாச்சு.

"ஐ.டி.க்கு சங்கமெல்லாம் செட் ஆகாது ப்ரோ" என்பார்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசே 2016-இல் சொல்லியாச்சு. "பிடிக்கலைன்னா வேற கம்பெனி போ" என்பார்கள். போகலாம். அங்கேயும் டீம் சூப்பராகத்தான் இருக்கும். அந்த ரேட்டிங் விதியும் இருக்கும்.

நண்பருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தேற்றுவது சுலபம். எந்த அடிப்படையில் இந்த ரேட்டிங் போட்டீர்கள் என்று ஆறு பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்பதுதான் கஷ்டம். நாங்கள் கேட்கப் போகிறோம். நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது. மீதி இரண்டு பேருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால், 'டீம் சூப்பர்' என்று இனிமேல் நாங்கள் சொல்லலாமா கூடாதா என்பது அந்த இரண்டு கையெழுத்தில்தான் இருக்கிறது.