அடுத்த வாரமும் வா



செப்டம்பர் பிறந்துவிட்டது. டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5-ஐ 1962-லிருந்து ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம். விருது, சால்வை, மேடைப் பேச்சு எல்லாம் இந்த ஆண்டும் உண்டு. இருக்கட்டும், வேண்டியதுதான். நான் இந்தப் பக்கத்தில் பேச நினைப்பது எந்த மேடையிலும் சால்வை வாங்காத ஒரு வாத்தியாரைப் பற்றி. அதிலும் அவருடைய வீட்டுச் சமையலறையைப் பற்றி.

ராமேஸ்வரம் தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் சிவசுப்ரமணிய ஐயர். அவரிடம் படித்த அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்காவிட்டால் அவர் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

அவருடைய பறவைப் பாடத்தை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலாம் போகிற இடமெல்லாம் பிள்ளைகளிடம் அதைச் சொல்லுவார். அந்தப் பாடம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. பறவை எப்படிப் பறக்கிறது என்பது அன்றைய பாடம். வாத்தியார் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து இறக்கை, வால், உடல் என்று சுமார் 25 நிமிடம் விளக்கினார். கடைசியில், புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். மற்ற பையன்களைக் கேட்டார். அவர்களில் பலருக்கும் புரியவில்லை.

ஒரு வாத்தியாருக்கு இதைவிடச் சோதனை உண்டா? மாங்கு மாங்கென்று சொல்லிக்கொடுத்த பிறகு வகுப்பே உதட்டைப் பிதுக்கினால் கோபம் வரத்தானே செய்யும்? அவருக்கு வரவில்லை. அன்று மாலையே மொத்த வகுப்பையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டமாகப் பறந்த கடற்பறவைகளைக் காட்டி, சிறகு அடிக்கும்போது உடல் எப்படி மேலே எழும்புகிறது, திரும்பும்போது வால் எப்படி வளைகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கச் சொன்னார். வானூர்திப் பொறியியல் பக்கம் தன் மனம் போனதற்கு அந்த மாலைதான் காரணம் என்று கலாம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பாடத்தைப் புரியவைக்க வகுப்பறையை விட்டே வெளியே வந்த மனிதர் அவர். அதே மனிதர் தன் வீட்டுக்குள் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

ஐயர் ஆசாரமான குடும்பத்தவர். அவருடைய மனைவி அவரைவிடவும் ஆசாரம் பார்ப்பவர். ஒரு நாள் ஐயர், மசூதித் தெருப் பையனான கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். 1940-களின் தொடக்கம் அது. கோயில் ஊர். ஒரு முஸ்லிம் பையன் வந்து உட்கார்ந்து சாப்பிடுவதா என்று அந்த அம்மாள் அதிர்ந்துபோனார். தன் சமையலறையில் வைத்துப் பரிமாற முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும்? வந்தவர் முன்னாலேயே கணவர் குரலை உயர்த்துவார். “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு” என்பார். அல்லது இன்னொரு வழி: விருந்தாளியிடம் ஏதோ சாக்குச் சொல்லி, ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டில் சண்டை வேண்டாமே என்று!

ஐயர் இரண்டையும் செய்யவில்லை. மனைவி மேல் கோபப்படவில்லை. தானே எழுந்து போய் எடுத்து வந்து, பையனுக்குத் தன் கையால் பரிமாறினார். பிறகு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அந்த அம்மாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தான் சோறு உண்டதிலோ, தண்ணீர் குடித்ததிலோ, சாப்பிட்ட இடத்தைத் துடைத்ததிலோ அவருக்கு ஏதாவது வித்தியாசம் தெரிந்திருக்குமா என்று அந்தச் சின்னப் பையன் யோசித்திருக்கிறான். பெரியவனான பிறகும் அதை மறக்காமல் எழுதியிருக்கிறார் கலாம். கதவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கண்களைப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

கிளம்பும்போது ஐயர், அடுத்த வாரமும் சாப்பிட வா என்றார்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். முதல் விருந்து ஒரு வேகத்தில் நடந்துவிடலாம். அதோடு நின்றிருந்தால் ஒருநாள் கூத்தாகத்தான் போயிருக்கும். அந்த அம்மாளுக்கு மனதில் ஒரு கசப்பு, பையனுக்கு ஒரு கூச்சம் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது முறை கூப்பிடத்தான் துணிச்சல் வேண்டும். கலாம் தயங்கியிருக்கிறார். ஒரு வழக்கத்தை மாற்ற இறங்கிவிட்டால் இப்படிப்பட்ட சங்கடங்கள் வரத்தான் செய்யும் என்று ஐயர் தேற்றி அனுப்பியிருக்கிறார்.

அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாளே பையனைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஐயரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அந்த அம்மாளையும் கும்பிடுவேன். பிறந்ததிலிருந்து இதுதான் சரி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர். சமையலறை ஒன்றுதான் அவருடைய அதிகாரம் செல்லுகிற இடம். அந்த இடத்தில், ஒரே வாரத்தில், தன் மனதைத் தானே திருப்பிக்கொண்டார். அது சுலபமா? நேற்றுவரை பிடித்த பிடியை இன்று விட்டால் கணவர் என்ன நினைப்பார், அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற யோசனைகள் நமக்கெல்லாம் வராதா? கணவர் பொறுமையாக இருந்ததால்தான் மனைவியால் மாற முடிந்தது என்று நான் நம்புகிறேன். அவர் கத்தியிருந்தால், அந்த அம்மாள் இன்னும் இறுக்கமாகக் கதவைச் சாத்தியிருப்பார்.

அதே ராமேஸ்வரத்தில், அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியரும் இருந்தார். புதிதாக வந்தவர். முன்வரிசையில் குல்லா போட்ட கலாமும், பூணூல் போட்ட ராமநாத சாஸ்திரியும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். கலாமுக்கு மனம் வாடியது, ராமநாதனுக்கு அழுகை. ராமநாதனின் அப்பா, ராமநாத சுவாமி கோயில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பிக் கண்டித்தார். கள்ளமில்லாத பிள்ளைகள் மனதில் விஷத்தைக் கலக்காதே என்று சொன்னார். அந்த ஆசிரியரும் தன் தவறை உணர்ந்தார். தன் மகனின் சிநேகிதனுக்காக ஒரு தகப்பன் ஆசிரியரைக் கண்டிக்கிறார். தன் மாணவனுக்காக ஓர் ஆசிரியர் தன் வீட்டு ஆசாரத்தையே தள்ளிவைக்கிறார். கலாமைப் பெற்றது ஒரு வீடு என்றால், வளர்த்தது இப்படிப் பல வீடுகள்.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் சார் பார்க்கிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பள்ளிக் காலை உணவை இன்னார் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர்களைப் பற்றி 2023-ல்தான் செய்தி படித்தோம். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் நம் தெருவில் இல்லையா? மகனின் ஃபிரெண்ட் வீட்டுக்கு வந்தால், “தம்பி எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்து நாம் கேட்பது எதற்காக? அந்தப் பையனுக்கும் தெரியும், பக்கத்தில் நெளிந்துகொண்டிருக்கும் நம் பிள்ளைக்கும் தெரியும்.

இப்படி வித்தியாசம் பார்ப்பவர்களைத் திட்டுவதால் பயனில்லை என்பதைத்தான் ஐயர் வீட்டுக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். மாமியாரோ, அம்மாவோ, கணவரோ, மனைவியோ முகம் சுளித்தால் நாமே எழுந்து பரிமாறலாம். கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடலாம்.

கலாம் பிறகு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னை எம்.ஐ.டி. என்று படித்து ராக்கெட் விட்டதும் குடியரசுத் தலைவர் ஆனதும் உங்களுக்குத் தெரிந்ததே. 2007-ல் பதவி முடிந்ததும் அவர் திரும்பிப் போனது மாணவர்களிடம்தான். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் உயிர் பிரிவதற்குச் சற்று முன்புவரையிலும் மாணவர்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்லாசிரியர் பற்றிய கட்டுரைகள் நமக்கு நிறைய வருகின்றன. இந்த முறை ஆசிரியர் வீட்டைப் பற்றி எழுதி அனுப்புங்கள். வாத்தியார் வீட்டில் நீங்கள் சாப்பிட்ட சாப்பாடு, டியூஷன் முடிந்து டீச்சரம்மாவின் மாமியார் கொடுத்த காப்பி, பரீட்சை நேரத்தில் உங்களைத் தங்கவைத்துக்கொண்ட திண்ணை எதுவானாலும் சரி. முக்கியமாக, ஆசிரியர்களின் மனைவிமார்களும் கணவன்மார்களும் பிள்ளைகளும் எழுத வேண்டும். நினைத்த நேரத்தில் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்ற மனிதரோடு குடித்தனம் நடத்தியவர்கள் நீங்கள்தானே! ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் குறிப்பிடுங்கள், வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்