பழைய வீடு வாங்கி விற்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான். கையில் நாலு காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

சில மாதங்களாக உங்களில் பலர் போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "சார், நம்ம கும்பகோணத்துல பழைய வீடு ஒண்ணு சல்லிசா வருது. வாங்கி, ரிப்பேர் பார்த்து, பெயின்ட் அடிச்சு வித்தா நல்ல லாபம்ங்கிறாங்க. இறங்கலாமா?" கேட்டவர்களில் ஒருவர் தன் பி.எஃப். பணத்தோடு அம்மாவின் நகையையும் போடத் தயாராக இருக்கிறார். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் முதல் வீட்டையே கடனில் வாங்கி, ஒரு வருடத்தில் விற்றுவிடலாம் என்று இறங்குவது தப்பு. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு வீடு 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம், அதாவது 3.60 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றால் 40 ஆயிரம். வக்கீல், பத்திர எழுத்தர் செலவு 25 ஆயிரம். ரிப்பேர் 6 லட்சம். வங்கியில் 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டியில் ஒரு வருடத்துக்கு 2.70 லட்சம். வீட்டு வரி, கரண்ட், காவல் என்று 30 ஆயிரம். கூட்டினால் 53.25 லட்சம்.

அந்த வீட்டை 58 லட்சத்துக்கு விற்கிறீர்கள். "40-க்கு வாங்கி 58-க்கு வித்துட்டான், 18 லட்சம் லாபம்" என்று தெருவே பேசும். விற்கும்போது புரோக்கருக்கு 58 ஆயிரம் கொடுத்தபின் மிஞ்சுவது 4.17 லட்சம். 24 மாதத்துக்குள் விற்றால் அந்த லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரிக்கு உட்படும். 30 சதவீத ஸ்லாப்பில் இருப்பவருக்கு, செலவு அத்தனையும் கழித்துக்கொள்ள முடிந்தாலும், கையில் நிற்பது 3 லட்சத்துக்கும் குறைவு. இதற்காகச் சொந்தப் பணம் 23 லட்சம் ஒரு வருடம் முடங்குகிறது. அதை 7 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே 1.60 லட்சம் வந்திருக்கும்.

இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் விடை. விற்க ஆறு மாதம் தாமதமானால் வட்டி 1.35 லட்சம் கூடும். ரிப்பேர் ஒன்றரை லட்சம் கூடினால் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். உங்களிடம் வாங்குகிறவரும் 9 சதவீதம் கட்ட வேண்டும். அதை மனதில் வைத்துத்தான் பேரம் பேசுவார்.

"பத்திரத்துல குறைச்சுக் காட்டிக்கலாம் சார்" என்று ஒரு தம்பி சொன்னார். அது சட்டப்படி தவறு. லாபக் கணக்கிலும் அடிதான். இன்று மறைக்கும் தொகை, நாளை நீங்கள் முழுவிலைக்கு விற்கும்போது உங்கள் லாபமாக மாறி அதற்கும் வரி வரும்.

அடுத்த கேள்வி, அந்த வீடு ஏன் சல்லிசாக வருகிறது என்பது. நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதலாவது, பாகம். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அவருடைய அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு. ஆனால் விற்க வருகிற அண்ணன் என்ன சொல்வார்? "அக்காவுக்கு நகை நட்டெல்லாம் போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவ கேக்க மாட்டா." அக்கா கேட்காமல் இருக்கலாம். பத்து வருடம் கழித்து அக்காவின் பிள்ளைகள் கேட்பார்கள். ஒன்று, அக்காவும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லை, முன்னதாகவே விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதியாத உயிலோ வாய்ப்பேச்சில் குடியிருப்பவரோ அதில் வரமாட்டார்கள்.

இதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. சொந்தத்துக்குள் இருக்கும் சண்டையைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குவதைச் சிலர் சாமர்த்தியம் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு வயதான அம்மா எங்கே போய் இருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு விலை பேசுங்கள்.

இரண்டாவது காரணம், அடிமனை. நம்முடையது கோயில் ஊர். பல வீடுகளில் சுவரும் கூரையும்தான் குடியிருப்பவருடையது, மனை கோயிலுடையது. அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கோயில் மனையைப் பதிய முடியாது. மனை யார் பெயரில் இருக்கிறது என்பதை மூலப் பத்திரத்திலும் சர்வே ஆவணத்திலும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "பவர் இருக்கு சார்" என்பார்கள். பவர் பத்திரத்தால் மட்டுமே சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ரிப்பேர் விஷயம். பழைய வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். கூரை எங்கே ஒழுகுகிறது, சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது, முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை மழைதான் காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சில மாதங்களில் உப்புப் பூத்து உதிரும். வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார். ஒயரிங், உத்திரம், செப்டிக் டேங்க் மூன்றையும் அந்தந்த வேலை தெரிந்தவரைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டே விலை சொல்லுங்கள்.

அப்படியானால் யார்தான் இதில் சம்பாதிக்கிறார்கள்? என் மாணவர் ஒருவர் கொத்தனாராகத் தொடங்கி இன்று சின்னக் காண்ட்ராக்டர். அவர் வாங்கும் வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிபோய்விடுவார். ஓய்வு நாளில் தானே வேலை பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் விற்பார். அந்தக் காலத்துக்கு வாடகை மிச்சம், கூலியில் பாதி மிச்சம். 24 மாதம் தாண்டினால் வரி 12.5 சதவீதம்தான். லாபத்தைக் குறித்த காலத்துக்குள் இன்னொரு குடியிருப்பு வீட்டில் போட்டால் அதற்கும் விலக்கு கிடைக்கும். முக்கியமாக, விலை வரவில்லை என்றால் அவர் பதறுவதில்லை. குடியிருக்கத்தான் வீடு இருக்கிறதே.

புதிதாக இறங்குபவர்களுக்கு என் யோசனையும் அதுதான். விற்காவிட்டாலும் நீங்கள் குடியிருக்கக்கூடிய வீட்டை, அல்லது வாடகைக்கு விட்டால் தவணையில் பெரும்பகுதி வரக்கூடிய வீட்டை மட்டும் வாங்குங்கள். அம்மாவின் நகையைத் தொடாதீர்கள். முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம். நம் ஊரில் விற்பனைக்கு வரும் பத்து வீடுகளைப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மேலே போட்ட கணக்கை நோட்டில் போடுங்கள். அந்த வீடுகள் கடைசியில் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்து, உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். பத்தில் எட்டாவது சரியாக வந்தால் பிறகு பேசலாம்.

நோட்டைக் கொண்டுவந்தால் திருத்தித் தர நான் தயார். சிவப்பு மை பேனா இன்னும் கைவசம் இருக்கிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்